மலைக் கிராமப் பள்ளி யாருடையது? நாகாலாந்தின் சமூகமயமாக்கல் சட்டம் கற்பிக்கும் பாடம்

தொலைவில் கிடக்கும் கிராமங்களின் பள்ளிகளைப் பற்றி இந்தியாவில் பேச்செழும்போதெல்லாம் இரண்டு மருந்துகளே திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒன்று, கூடுதல் நிதி. மற்றொன்று, கூடுதல் கண்காணிப்பு. கட்டடம் கட்டுவதற்கும் சுவர்களுக்கு வண்ணம் பூசுவதற்கும் பணம் வருகிறது. ஆசிரியர் வருகையைப் பதிவுசெய்யச் செல்பேசிச் செயலி வருகிறது. இரண்டும் வந்த பின்னரும் மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்படும் ஒரு மலைக் கிராமத்தில் பள்ளி திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கு மாநிலத் தலைநகரில் அமர்ந்திருப்பவரால் விடை சொல்ல முடிவதில்லை. அந்த விடை கிராமத்தாருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கையில் அதிகாரம் இல்லை.

அறிந்தவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதைச் சட்டத்தின் வழியாகவே சோதித்துப் பார்த்த மாநிலம் நாகாலாந்து. 2002ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டமன்றம் பொது நிறுவனங்கள் மற்றும் சேவைகளைச் சமூகமயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தொடக்கக் கல்வி, கிராமச் சுகாதார நிலையம், மின்விநியோகம் ஆகிய மூன்றின் நிர்வாகத்தையும் கிராமச் சமூகத்திடம் ஒப்படைப்பது அதன் நோக்கம். தனியார்மயம் என்றும் அரசுமயம் என்றும் இரு துருவங்களாகப் பிரிந்து வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஊழியர் அரசுக்கே உரியவர், நிர்வாகம் பயனடையும் சமூகத்துக்குரியது என்ற மூன்றாவது ஏற்பாட்டை அச்சட்டம் முன்வைத்தது. அப்போது மாநிலத் தலைமைச் செயலராக இருந்த ஆர். எஸ். பாண்டே அதன் சாரத்தை மூன்று சொற்களில் சுருக்கினார்: நம்புதல், பயிற்றுவித்தல், ஒப்படைத்தல். 2008ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்சேவை விருது இம்முயற்சிக்குக் கிடைத்தது.

சட்டத்தின் கூர்மை ஊதியத்தில் இருந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கிராமக் கல்விக் குழு. கிராம மன்றத்தின் பிரதிநிதிகள், பெற்றோர், பெண்கள், திருச்சபையினர் ஆகியோர் அதில் இடம்பெறுவர். தலைமையாசிரியர் அதன் செயலர். ஆசிரியர்களின் ஊதியத் தொகையை அரசு முன்கூட்டியே குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தும். குழு அதை ஆசிரியருக்கு வழங்கும். பணிக்கு வராத நாள்களுக்கு ஊதியமில்லை என்ற விதியைச் செயற்படுத்தும் உரிமையும் குழுவுக்கே உண்டு. மாவட்டக் கல்வி அலுவலரின் ஆய்வுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு எதிர்வீட்டில் வாழும் உழவரின் கண்ணே ஆய்வாளரின் கண்ணாகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஆசிரியர் வருகை கூடியதையும், மூடிக்கிடந்த பள்ளிகள் திறந்ததையும், தனியார் பள்ளிகளிலிருந்து சில மாணவர்கள் அரசுப் பள்ளிக்குத் திரும்பியதையும் மதிப்பீடுகள் பதிவுசெய்துள்ளன.

இத்தகைய சட்டம் வேறெங்கும் வேரூன்றாமல் நாகாலாந்தில் வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உருவாக்கிய பஞ்சாயத்து அமைப்பு நாகாலாந்துக்குப் பொருந்தாது. பிரிவு 243எம் அம்மாநிலத்துக்கு விலக்களித்திருக்கிறது. அங்கே உள்ளாட்சி என்பது மரபுவழிக் கிராம மன்றம். நிலம், காடு, வழக்கு, திருவிழா ஆகிய அனைத்திலும் முடிவெடுத்து வந்த அம்மன்றத்துக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் முறையான ஏற்பளித்தது. அதற்கு முன்பே, 1976இல், பேக் மாவட்டத்தின் கேட்சாபோமி கிராமத்தில் கிராம மேம்பாட்டு வாரியம் என்ற புதிய அமைப்பு சோதனையாகத் தொடங்கப்பட்டிருந்தது. 1980ஆம் ஆண்டின் மாதிரி விதிகளுக்குப் பின் அது மாநிலமெங்கும் பரவியது. குடும்பங்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு அரசு மானியம் வழங்கும். அதை எதற்குச் செலவிடுவது என்பதைக் கிராமமே முடிவு செய்யும்.

அந்த மானியத்தைப் பற்றிய ஒரு விதி தமிழ் வாசகரின் கவனத்துக்கு உரியது. கிராம மேம்பாட்டு வாரியத்தின் மானியத்தில் 25 விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கும், 20 விழுக்காடு இளைஞர்களுக்கான திட்டங்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இளைஞர்களுக்கெனத் தனிப்பங்கை உள்ளாட்சி நிதியிலேயே விதியாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அரிது. இவ்வொதுக்கீட்டுக்குப் பின்னால் ஒரு மரபு நிற்கிறது. நாகர் கிராமங்களில் மொருங் எனப்பட்ட இளைஞர் இல்லங்கள் இருந்தன. ஊர்க்காவல், பாதை அமைத்தல், கதை, பாட்டு, கைவினை, போர்ப்பயிற்சி, மூத்தோரை மதித்தல் எல்லாம் அங்கேதான் கற்பிக்கப்பட்டன. பள்ளி வருவதற்கு முன்பிருந்த பள்ளி அது. கிறித்தவமும் நவீனக் கல்வியும் பரவியபோது மொருங் படிப்படியாக ஓய்ந்தது. ஆனால் இளைஞரை வளர்ப்பது குடும்பத்தின் வேலை மட்டுமன்று, ஊரின் வேலையும்கூட என்ற எண்ணம் ஓயவில்லை.

இவ்வளவு நல்ல அடித்தளமும், இவ்வளவு துணிவான சட்டமும் இருந்தும் அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பள்ளிகள் இன்றும் தள்ளாடுவதேன் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாகாலாந்தின் எழுத்தறிவு விகிதம் 79.55 விழுக்காடு, ஏறத்தாழ 73 விழுக்காடாக இருந்த தேசிய சராசரியை விட அதிகம். இந்தச் சராசரிக்குள் இரண்டு மாவட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆவோ மக்கள் வாழும் மோகோக்சுங் மாவட்டத்தில் 91.62 விழுக்காடு. கோன்யாக் மக்கள் வாழும், மியான்மர் எல்லையை ஒட்டிய மோன் மாவட்டத்தில் 56.99 விழுக்காடு. இரண்டும் ஒரே சிறிய மாநிலத்துக்குள் இருப்பவை. இடைவெளி சுமார் 35 புள்ளிகள்.

இந்த இடைவெளிக்குக் காரணம் மக்களின் ஆர்வக்குறைவு அன்று. அமெரிக்க பாப்டிஸ்ட் மதப்பரப்புநர் எட்வின் கிளார்க் ஆவோ பகுதிக்குள் சென்றது 1872இல். அவரோடும் அவருக்குப் பின் வந்தவர்களோடும் எழுத்தும் அச்சும் பள்ளியும் சென்றன. கிழக்கே இருந்த துயென்சாங், மோன் பகுதிகளின் பெரும்பகுதியை ஆங்கிலேயர் நிர்வகிக்கவே இல்லை. வரைபடத்தில் அவை நிர்வாகமற்ற பகுதிகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. விடுதலைக்குப் பின் அப்பகுதி வடகிழக்கு எல்லை முகமையின் கீழ் இருந்து, 1957இல்தான் நாகா குன்றுகளோடு ஒரே நிர்வாகத்தில் இணைக்கப்பட்டது. 1963 டிசம்பர் 1 அன்று மாநிலம் பிறந்தபோதும், பிரிவு 371ஏ துயென்சாங் மாவட்டத்துக்கெனத் தனி மண்டல மன்றத்தை ஏற்படுத்தியது. மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் துயென்சாங்குக்கும் இடையே நிதி நியாயமாகப் பங்கிடப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பை ஆளுநருக்கு அளித்தது. அப்பகுதி மக்கள் தம் சட்டமன்ற உறுப்பினர்களை நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1974ஆம் ஆண்டுத் தேர்தலில்தான். ஒரு பகுதியின் முதல் பள்ளிக்கும் மற்றொரு பகுதியின் முதல் பள்ளிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் இருக்கின்றன.

இப்போது சமூகமயமாக்கல் சட்டத்தை இவ்விரு இடங்களிலும் பொருத்திப் பார்க்கலாம். மோகோக்சுங்கின் ஒரு கிராமத்தில் கல்விக் குழுவில் அமர்பவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார். தலைநகரில் பணிபுரியும் உறவினர் ஒருவர் இருப்பார். குழுவின் கணக்கை எழுதவும், தாமதமான நிதியைக் கேட்டுக் கடிதம் அனுப்பவும், தேவைப்பட்டால் இயக்குநரகத்தில் யாரைச் சந்திப்பது என்று அறியவும் அவர்களால் முடியும். மோனின் எல்லையோரக் கிராமத்தில் குழுவில் அமரும் பெரியவர் பள்ளிக்கே சென்றிராதவராக இருக்கலாம். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. வகுப்பில் நாகாமியம் ஒலிக்கிறது. வீட்டில் பேசப்படுவது கோன்யாக், அதுவும் ஊருக்கு ஊர் மாறுபடும் கோன்யாக். பிள்ளை கற்கிறதா இல்லையா என்பதை அவர் எதைக்கொண்டு அளப்பார்? ஆசிரியர் வந்தாரா என்பதை அவரால் சொல்ல முடியும். என்ன கற்பித்தார் என்பதைச் சொல்ல முடியாது. சமமற்ற இரு கிராமங்களுக்குச் சமமான அதிகாரத்தை வழங்கியபோது, ஒன்றுக்கு அது உரிமையாயிற்று, மற்றொன்றுக்குச் சுமையாயிற்று. நம்புதல், பயிற்றுவித்தல், ஒப்படைத்தல் என்ற வரிசையில் நடுவில் நிற்கும் சொல்லே கிழக்கில் மிகுதியாகத் தேவைப்பட்டது. அரசு அமைப்புகள் பொதுவாக விரைவில் சோர்ந்துபோவதும் அந்த நடுச்சொல்லில்தான்.

இந்தச் சமமின்மையின் மிகத் தெளிவான வெளிப்பாடு பதிலி ஆசிரியர் முறை. நாகாலாந்தில் பல ஆண்டுகளாக அரசும் மாணவர் அமைப்புகளும் நாளேடுகளும் பேசிவரும் சிக்கல் இது. அரசு நியமித்த ஆசிரியர் திமாபூரிலோ கோஹிமாவிலோ வாழ்வார். தமது ஊதியத்தின் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துக் கிராமத்து இளைஞர் ஒருவரைத் தமக்குப் பதிலாக வகுப்பில் நிறுத்துவார். ஊதியத்தின் பெரும்பகுதி நகரத்தில் தங்கிவிடும். சமூகமயமாக்கல் சட்டம் இதைத்தான் ஒழித்திருக்க வேண்டும். ஊதியத்தை நிறுத்தும் அதிகாரம் கையிலிருந்தும் கிராமம் ஏன் நிறுத்துவதில்லை?

ஆசிரியரின் நேர்மையின்மை என்ற ஒரே சொல்லால் இதற்கு விடை கூறிவிடுவது எளிது. ஆனால் இம்முறை நீடிப்பதற்குக் காரணம், அதில் தொடர்புடைய மூவருக்கும் அது ஏதோ ஒன்றைத் தருகிறது என்பதே. ஆசிரியருக்கு நகர வாழ்வும் தம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியும் கிடைக்கின்றன. கிராமத்து இளைஞருக்குச் சிறிய தொகையாயினும் மாதந்தோறும் வருமானமும் ஊரில் ஒரு மதிப்பும் கிடைக்கின்றன. கல்விக் குழுவுக்குத் திறந்திருக்கும் பள்ளி கிடைக்கிறது. ஊதியத்தை நிறுத்தினால் ஆசிரியர் மாற்றல் வாங்கிச் சென்றுவிடுவார். அந்த இடம் எப்போது நிரம்பும் என்று தெரியாது. பதிலி இளைஞருக்கும் வருமானம் போய்விடும். ஆகவே குழு கண்ணை மூடிக்கொள்கிறது. ஆசிரியர் அதே ஊர்க்காரராகவோ குலத்தவராகவோ இருந்தால் கண்ணைத் திறப்பது மேலும் கடினம். முகம் பார்த்து வாழும் சிற்றூரில் ஒருவரின் ஊதியத்தை வெட்டுவது என்பது ஒரு குடும்பத்தோடு காலம் முழுவதும் பகை கொள்வது. சட்டம் கிராமத்துக்கு வாளைக் கொடுத்தது, கேடயத்தைக் கொடுக்கவில்லை.

இங்கே பள்ளியின் சிக்கலும் இளைஞரின் சிக்கலும் ஒன்றாகிவிடுகின்றன. வகுப்பில் நிற்கும் பதிலி ஆசிரியர் யார்? அந்தக் கிராமத்திலேயே பிறந்து, எப்படியோ பன்னிரண்டாம் வகுப்பு வரையோ பட்டம் வரையோ படித்து, வேலையின்றி ஊர் திரும்பிய இளைஞர். குழந்தைகளின் தாய்மொழி அவருக்குத் தெரியும். மழையில் சாலை அடைபட்டாலும் அவர் ஊரில்தான் இருப்பார். எந்தப் பிள்ளை எந்த நாளில் ஏன் வரவில்லை என்பதை அவர் அறிவார். தொலைதூரப் பள்ளிக்குத் தேவைப்படும் தகுதிகளுள் பாதி அவரிடம் இயல்பாகவே இருக்கிறது. இல்லாதவை மூன்று: பயிற்சி, நியமனம், நியாயமான ஊதியம். அரசின் பதிவேடுகளில் அவர் இல்லை. அவர் உழைப்பு வேறொருவர் பெயரில் எழுதப்படுகிறது. உள்ளாட்சியும் அரசும் ஆதரிக்க வேண்டிய இளைஞர் யாரென்று தேடி அலைய வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே கரும்பலகையின் முன் நின்றுகொண்டிருக்கிறார்.

பதிலி முறையை ஒழிக்க இன்று முன்வைக்கப்படும் தீர்வு பெரும்பாலும் தொழில்நுட்பம் சார்ந்தது. முகமறிந்து வருகை பதியும் செயலிகள், நேரடியாகத் தனிநபர் கணக்குக்குச் செல்லும் ஊதியம், தலைநகரில் ஒளிரும் திரைகள். இவற்றுக்குப் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் அலைபேசிக் கோபுரமே எட்டாத ஊரில் செயலியால் பதியப்படாத வருகையும், வராமையும் ஒன்றுபோலவே தோன்றும். அதைவிட முக்கியமானது, அதிகாரம் மீண்டும் தலைநகருக்குத் திரும்புகிறது என்பது. எதிர்வீட்டு உழவரின் கண்ணுக்கிருந்த மதிப்பு குறைகிறது. ஆசிரியரின் ஊதியம் எந்தக் கணக்கு வழியாகச் செல்கிறது என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. அது விடுவிக்கப்படுவதற்கு முன் கிராமக் குழுவின் ஒப்பம் வேண்டுமா வேண்டாமா என்பதே முதற்கேள்வி. அந்த ஒப்பம் போய்விட்டால் சமூகமயமாக்கல் என்பது பெயர்ப்பலகையாக மட்டும் எஞ்சும்.

நாடு முழுவதற்கும் பொருந்தும் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்ற விதி பாராட்டுக்குரியது. ஆயினும் அக்குழு கண்காணிக்கலாம், திட்டம் வகுத்துப் பரிந்துரைக்கலாம், மானியச் செலவைப் பார்வையிடலாம். ஆசிரியரின் ஊதியத்தின்மீது அதற்கு எந்தப் பிடியும் இல்லை. அந்த வகையில் 2002ஆம் ஆண்டின் நாகாலாந்துச் சட்டம் 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை விட ஆழமானது. பின்னால் வந்த சட்டத்தின் மெல்லிய குழு, முன்னால் வந்த சட்டத்தின் வலிய குழுவைத் தன் அளவுக்குச் சுருக்கிவிடக் கூடாது.

கிராமத்தின் அதிகாரமும் அரசின் பயிற்சியும் சேர்ந்து இயங்கினால் என்ன நிகழும் என்பதற்கு நாட்டின் மறுகோடியில் இன்னொரு மலைப்பகுதி சான்றாக இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் லடாக்கில் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய மாணவர்களுள் சுமார் 95 விழுக்காட்டினர் தோல்வியடைந்தனர் என்று, சோனம் வாங்சுக் உள்ளிட்ட இளைஞர்கள் 1988இல் தொடங்கிய செக்மால் இயக்கம் சுட்டிக்காட்டியது. பிள்ளைகள் லடாக்கி பேசினர். தொடக்கப் பள்ளியில் உருது. பின்னர் திடீரென ஆங்கிலம். 1994இல் அரசும் கிராமங்களும் அவ்வியக்கமும் இணைந்து புதிய நம்பிக்கை என்ற பெயரிலான திட்டத்தைத் தொடங்கின. கிராமக் கல்விக் குழுக்கள் அமைக்கப்பட்டன; ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது; லடாக்கின் வாழ்வைப் படம்பிடிக்கும் பாடநூல்கள் எழுதப்பட்டன. 1995இல் உருவான லே மலை மேம்பாட்டு மன்றம் அத்திட்டத்தைத் தன் கொள்கையாகவே ஏற்றது. பின்வந்த ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் பன்மடங்கு உயர்ந்தது. குழு, பயிற்சி, பாடநூல் ஆகிய மூன்றும் ஒருசேர வந்ததே அதற்குக் காரணம். அவற்றை ஏந்தி நடந்தவர்கள் பெரும்பாலும் அம்மண்ணின் இளைஞர்கள் என்பதும் நினைவுகூரத்தக்கது.

எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இலட்சத்தீவில் மாவட்டப் பஞ்சாயத்துக்குக் கல்வி, சுகாதாரம், வேளாண்மை, கால்நடை, மீன்வளம் ஆகிய துறைகள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. 2021இல் ஆட்சிப்பகுதி நிர்வாகம் அந்த அதிகாரங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். அவர்கள் நிர்வகித்த பள்ளிகள் அவர்களிடம் இல்லை. ஆணையால் கொடுக்கப்பட்டதை ஆணையால் எடுத்துக்கொள்ள முடியும். நாகாலாந்தின் ஏற்பாட்டைச் சட்டமன்றத்தின் சட்டம் தாங்கி நிற்கிறது என்பதன் மதிப்பு இந்த ஒப்பீட்டில்தான் முழுமையாக விளங்கும். ஆனால் சட்டம் நின்றுகொண்டிருக்க, அதன் உயிர் மெல்ல மெல்லக் கசிந்துபோவதும் நிகழக்கூடியதே. அதற்கு ஆணை எதுவும் தேவைப்படாது, அக்கறையின்மையே போதும்.

ஆகவே செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, கிழக்கு மாவட்டங்களுக்கெனக் கிராமம் சார்ந்த ஆசிரியர் பணியிடங்களை உருவாக்குதல். அந்தப் பணியிடம் குறிப்பிட்ட கிராமத்துக்கு உரியது, மாற்றலுக்கு உட்படாது. அதில் பணியாற்றுபவருக்கு முழுமையான அரசு ஊதியம். இன்று பதிலியாக நிற்கும் இளைஞருள் தகுதியுள்ளோருக்கு முன்னுரிமை. இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2017இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பணியிலிருந்த பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் பயிற்சி முடிக்க நாடாளுமன்றம் காலநீட்டிப்பு அளித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் தொலைநிலையில் அப்பயிற்சியை நடத்தியது. நாடு முழுவதற்கும் ஒருமுறை செய்ய முடிந்ததை ஆறு மலை மாவட்டங்களுக்கு மீண்டும் செய்வது இயலாததன்று.

இரண்டாவது, கிராம மேம்பாட்டு வாரியத்தின் 20 விழுக்காட்டு இளைஞர் பங்கில் ஒரு பகுதியைக் கல்வியோடு இணைத்தல். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் இளைஞருக்கு உதவித்தொகை, மாலைநேரக் கற்றல் மையம், சிறு நூலகம், தேர்வெழுதும் மாணவர் நகரத்தில் தங்கும் செலவு என எதுவாகவும் அது இருக்கலாம். எதுவென்று முடிவு செய்ய வேண்டியது கிராமத்து இளைஞர்களே. தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் ஊரின் பணத்தில் படித்தவர் ஊருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவராகிறார். மொருங் அமைப்பின் உட்பொருளும் அதுவே.

மூன்றாவது, கல்விக் குழுக்களுக்குத் தொடர்ச்சியான துணை. ஒருநாள் பயிலரங்கு போதாது. சில கிராமங்களுக்கு ஒருவர் வீதம், குழுக்களோடு அமர்ந்து கணக்கெழுதவும், பிள்ளைகளின் வாசிப்பை எளிய முறையில் சோதித்துப் பார்க்கவும் கற்றுத்தரும் பணியாளர்கள் வேண்டும். 2020 டிசம்பரில் நாகாலாந்தின் வகுப்பறைகளை மேம்படுத்துவதற்கென உலக வங்கியோடு 6.8 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டடத்துக்கும் கருவிக்கும் செலவிடுவதோடு, மூன்றில் நடுவிலுள்ள அந்தப் பயிற்றுவித்தல் என்ற சொல்லுக்கும் இத்தகைய நிதி சென்றடைய வேண்டும்.

நான்காவது, ஊதியத்தை நிறுத்தும் முடிவின் பழி ஒரு தனி மனிதர்மீது விழாத ஏற்பாடு. பல கிராமங்களின் குழுக்கள் இணைந்த வட்டார அவை ஒன்று வருகைப் பதிவேடுகளைப் பரிசீலித்துப் பிடித்தத்தை முடிவுசெய்யலாம். உண்மையைச் சொல்வது கிராமத்தின் வேலை; தண்டிப்பது அவையின் வேலை. கேடயம் என்று மேலே குறிப்பிட்டது இதைத்தான்.

ஐந்தாவது, பெண்களின் இடம். நாகர் கிராம மன்றங்கள் மரபாக ஆண்களின் மன்றங்கள். மாநிலம் பிறந்து அறுபது ஆண்டுகள் நெருங்கிய 2023இல்தான் முதன்முறையாக இரண்டு பெண்கள் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 33 விழுக்காட்டு இடஒதுக்கீட்டோடு நகராட்சித் தேர்தல் நடந்தது 2024இல். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவரும், அது கற்றதா என்று மாலையில் பார்ப்பவரும் பெரும்பாலும் தாய். அவருடைய குரல் ஓர் ஓரத்து இருக்கையாக இருக்கும் வரை கல்விக் குழு பாதிக் கண்ணோடுதான் பார்க்கும்.

இதற்கு எழக்கூடிய வலிய எதிர்வாதம் ஒன்றுண்டு. உள்ளூர் இளைஞருக்கு முன்னுரிமை அளித்தால் நகரப் பிள்ளைகளுக்குத் தகுதிமிக்க ஆசிரியரும் மலைப் பிள்ளைகளுக்கு அரைகுறை ஆசிரியரும் என்ற இரண்டாந்தரக் கல்வி சட்டபூர்வமாகிவிடாதா என்பது அது. அச்சம் நியாயமானது. குறைந்த ஊதியத்தில் ஒப்பந்த ஆசிரியர்களை நிறுத்திவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதிய மாநிலங்கள் இந்தியாவில் உள்ளன. அதனால்தான் தகுதித் தேர்விலோ ஊதியத்திலோ சலுகையோ குறைப்போ கூடாது. காலமும் பயிற்சியும் மட்டுமே கூடுதலாக வழங்கப்பட வேண்டும். மேலும், இன்று அப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது முதல்தரக் கல்வி என்ற கற்பனையின்மீது அந்த எதிர்வாதம் நிற்கிறது. ஏட்டில் தகுதிமிக்க ஆசிரியர் இருக்கிறார். வகுப்பில் பயிற்சியற்ற இளைஞர் நிற்கிறார். அந்த இளைஞரைப் பயிற்றுவித்து, அவர் பெயரிலேயே பணியமர்த்துவது தரத்தைத் தாழ்த்தாது. ஏற்கெனவே தாழ்ந்திருப்பதை ஒப்புக்கொண்டு உயர்த்தும் வழி அது.

கிழக்கு நாகாலாந்தின் மனக்குறை வெறும் நிர்வாகக் குறையாக இப்போது இல்லை. தனி மாநிலக் கோரிக்கை 2010 முதல் அங்கே எழுந்துள்ளது. 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் மோன், துயென்சாங், லோங்லெங், கிஃபிரே, நோக்லாக், ஷமாத்தோர் ஆகிய ஆறு மாவட்டங்களின் மக்கள் வாக்குச்சாவடிக்கே செல்லவில்லை. வாக்குப்பதிவு அலுவலர்கள் நாள் முழுவதும் காத்திருந்து திரும்பினர். இத்தகைய முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. சாலையும் மருத்துவமனையும் வேலைவாய்ப்பும் அவற்றுள் அடங்கும். ஆனால் ஒரு மலைக் கிராமத்தில் அரசு என்பது நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும் ஒரே வடிவம் பள்ளிதான். அங்கே அரசின் பெயரால் ஊதியம் பெறுபவர் ஊரில் இல்லை; ஊரில் உழைப்பவருக்கு அரசு இல்லை. இந்த ஏமாற்றத்தைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்கிறது.

அதிகாரத்தை ஒப்படைத்தலும் பொறுப்பைக் கைகழுவுதலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் அரசு விலகி நிற்கிறது. வேறுபாடு, விலகுவதற்கு முன் அது எதை விட்டுச்செல்கிறது என்பதில் இருக்கிறது. நாகாலாந்து 2002இல் துணிந்து எடுத்த அடி சரியான திசையில் எடுத்த அடி. பின்வாங்க வேண்டியதில்லை. அடுத்த அடியை மோகோக்சுங்கின் அளவுகோலால் வைக்காமல், மோனின் அளவுகோலால் வைக்க வேண்டும் என்பதே இப்போதைய தேவை. பதிலியாக வகுப்பில் நிற்கும் இளைஞரின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.